எழுதிக் குடுங்க

"முடியாது" என்று யாராவது சொன்னால் அந்த அக்கா சண்டை போட மாட்டார். கைப்பையைத் திறந்து ஒரு வெள்ளைத்தாளையும் நீலப் பேனாவையும் எடுப்பார். இரண்டையும் எதிரில் இருப்பவரின் மேசைமேல் வைப்பார்.

"அத அப்படியே எழுதிக் குடுங்க சார்."

குரல் உயராது. முகத்தில் கோபமும் இருக்காது, சிரிப்பும் இருக்காது. ரேஷன் கடை வரிசையில் நிற்கிற மாதிரி நிற்பார். எதிரில் இருப்பவர் தாளைப் பார்ப்பார், பேனாவைப் பார்ப்பார், கடைசியில் அக்காவைப் பார்ப்பார். பெரும்பாலும் அந்தப் பேனாவை யாரும் தொட மாட்டார்கள்.

புதுச்சேரியில் ஓர் அரசு அலுவலகத்துக்குப் பின்பக்கத் தெருவில் ஜெராக்ஸ் கடை வைத்திருந்தார். ஜெராக்ஸ், லேமினேஷன், டைப்பிங், மனு எழுதித் தருவது. காலை ஒன்பது மணியிலிருந்து அந்த அலுவலகத்தில் "முடியாது" கேட்டவர்கள் ஒவ்வொருவராக அவர் கடைக்கு வருவார்கள். அத்தனை பேரின் கதையையும் கேட்டுக் கேட்டுத்தான் இந்தப் பழக்கம் வந்ததாக ஒருமுறை சொன்னார்.

"வாயால சொல்ற முடியாதுக்கு ஆயுசு கம்மி கலா. எழுதுன்னு சொல்லிப் பாரு. பாதி அங்கயே செத்துடும்."

நான் அவரிடம் முதலில் போனது என் மகன் கதிரின் டி.சி.யைப் பிரதி எடுக்க. கதிருக்கு ரத்தம் ஊறாத நோய். மூன்று வாரத்துக்கு ஒருமுறை ஆஸ்பத்திரியில் படுக்க வைத்து ரத்தம் ஏற்ற வேண்டும். ஏற்றுவதற்கு இரண்டு நாள் முன்பே சோர்ந்துவிடுவான். வருகை குறைகிறது, வேறு பள்ளி பார்த்துக்கொள்ளுங்கள் என்று பள்ளியில் சொன்னார்கள். நான் "சரிங்க சார்" என்று சொல்லிவிட்டு வந்துவிட்டேன். அக்காவுக்கு ஒரு கெட்ட பழக்கம் உண்டு. பிரதி எடுக்கிற காகிதத்தையெல்லாம் படித்துவிடுவார்.

"சரிங்க சார்னு சொல்லிட்டு வந்துட்டியா?"

"ஆமாக்கா."

என்னை ஒரு நிமிடம் பார்த்தார். திட்டப்போகிறார் என்று நினைத்தேன்.

"போவட்டும். நாளைக்கு இங்க கொண்டாந்து உடு. மேல எம்பொண்ணு இருக்கா, இன்னும் நாலஞ்சு புள்ளைங்க இருக்குது."

கடைக்கு மேலே ஓட்டு வீட்டின் ஒரே அறை. அங்கேதான் பள்ளிக்கூடம் போகாத ஏழு குடும்பத்துப் பிள்ளைகள் காலையில் கூடினார்கள். பெற்றவர்கள் முறை வைத்துக்கொண்டு பாடம் சொன்னோம். எங்களில் ஓர் அம்மா மட்டும், பிள்ளை வீட்டிலேயே கற்க வேண்டும் என்கிற கொள்கைக்காகப் பள்ளிக்கூடத்தை விட்டவர். மற்றவர்களெல்லாம் ஏதோ ஒரு வகையில் வெளியே தள்ளப்பட்டவர்கள்.

அக்காவின் மகள் யாழினியும் அப்படித்தான். அவளுக்கு எழுத்துகள் சட்டென்று கூடி வராது. பெரியவர்கள் ஒரு மூச்சில் படிக்கிற வரியை அவள் ஒவ்வொரு எழுத்தாகத் தொட்டுத் தொட்டுப் போவாள். மூன்றாம் வகுப்பில் அவளை ஒன்றாம் வகுப்புப் பிள்ளைகளோடு ஒரு மாதம் தரையில் உட்கார வைத்தார்கள். அக்கா பள்ளிக்குப் போனார். "ஒங்க பொண்ணுக்குப் படிப்பு வராதும்மா" என்றார் தலைமையாசிரியை. அக்கா தாளையும் பேனாவையும் வைத்தார். தலைமையாசிரியை எழுதவில்லை. "அப்ப டி.சி. குடுங்க" என்று அக்கா கேட்டாராம்.

"அத மட்டும் அஞ்சே நிமிசத்துல எழுதினாங்க" என்று இந்தக் கதையை முடிப்பார்.

அவரோடு வெளியே போவது பெரிய சங்கடம். ஒருமுறை ஒரு பொருட்காட்சிக்குப் பிள்ளைகளைக் கூட்டிக்கொண்டு போனோம். மாணவர்களுக்குப் பாதிக் கட்டணம் என்று போர்டு. டிக்கெட் கொடுத்தவர் யூனிஃபார்ம் இல்லை, அடையாள அட்டையும் இல்லை, முழு டிக்கெட்தான் என்றார். எனக்குப் பின்னால் வரிசை நீண்டது. நான் பர்ஸைத் திறந்துவிட்டேன். அக்கா என் கையை மூடினார்.

"யூனிஃபார்ம் போடாத புள்ள மாணவர் இல்லன்னு எழுதிக் குடுங்க. முழு டிக்கெட்டே வாங்கிக்கறோம்."

பின்னால் இருந்தவர்கள் கத்தினார்கள். அக்கா அசையவில்லை. கடைசியில் பாதி டிக்கெட் கிடைத்தது. உள்ளே போய் அரை மணி நேரம்வரை நான் அவருக்குப் பத்தடி தள்ளியே நடந்தேன். கதிர் மட்டும் அவரையே அண்ணாந்து பார்த்தபடி நடந்தான்.

படிப்புப் போட்டி தொடங்கியது கதிரால். ரத்தம் ஏற்றிய மறுநாள் அவனைக் கடையில் விட்டபோது அக்கா கேட்டார்.

"அஞ்சு மணி நேரம் படுத்துக்கினு இன்னாடா பண்ணுவ?"

"ஃபேன எண்ணுவேன் பெரிம்மா."

"எத்தினி ஃபேனு?"

"ஆறு. ஒண்ணு சுத்தாது."

அக்கா சிரிக்கவில்லை. அந்த வார்டில் ஒரே நேரத்தில் பத்துப் பன்னிரண்டு பிள்ளைகள் படுத்திருப்பார்கள், விழுப்புரம், கடலூர்ப் பக்கத்திலிருந்தெல்லாம் வருவார்கள், பாதிப் பேர் பள்ளிக்கூடத்தை விட்டுவிட்டவர்கள் என்று நான் சொன்னேன். படிக்க அங்கே ஒரு துண்டுக் காகிதம்கூட இல்லை.

அந்த வாரமே அறிவிப்பு அச்சாகிவிட்டது. எங்கள் பிள்ளைகள் மே மாதம் முழுக்கப் படிப்பார்கள். பிள்ளைகள் படிக்கிற அளவைக் கணக்கு வைத்து, அதற்கு இவ்வளவு பணம் என்று தெரிந்தவர்கள் தர ஒப்புக்கொள்ள வேண்டும். சேருவதைக் கொண்டு வார்டுக்கு ஓர் அலமாரியும் புத்தகங்களும்.

முதல் சண்டை எங்களுக்குள்ளேயே வந்தது. எத்தனை புத்தகம் படித்தார்கள் என்று வைக்கலாம் என்றோம். அக்கா ஒப்பவில்லை. எவ்வளவு நேரம் உட்கார்ந்து படித்தார்கள் என்றுதான் பார்க்க வேண்டும் என்றார். கொள்கைக்காகப் பள்ளியை விட்ட அந்த அம்மாவுக்கு முகம் மாறியது.

"ஒங்க பொண்ணுக்காக ரூல மாத்தறீங்க."

"ஆமா" என்றார் அக்கா. "அவளுக்காகத்தான். வேகமாப் படிக்கற புள்ளைக்கு எந்த ரூலா இருந்தாலும் ஒண்ணுதான்."

மறைக்கவும் இல்லை, மழுப்பவும் இல்லை. நேரக் கணக்கே முடிவாயிற்று.

கொடுக்க ஒப்புக்கொண்டவர்களில் ஒருவர் சொல்தா தாத்தா. பிரெஞ்சுப் படையில் இருந்து ஓய்வு பெற்றவர்களை எங்கள் ஊரில் சொல்தா என்போம். பென்ஷனுக்காக, உயிரோடு இருப்பதற்கான சான்றைப் பிரதி எடுத்துப் பிரான்சுக்கு அனுப்ப வருடாவருடம் அக்கா கடைக்கு வருவார். இஸ்திரி போட்ட சட்டை, பளபளக்கும் ஷூ. அறிவிப்பைக் கண்ணாடி போட்டுப் படித்துவிட்டு உதட்டைப் பிதுக்கினார்.

"பள்ளிக்கூடம் போகாத பசங்க படிக்குதுன்னு யார் பாத்தா? கடைசி நாள் பத்துப் பேர் முன்னாடி வாய்விட்டுப் படிக்கட்டும். படிச்சா, அலமாரி என் செலவு."

"படிக்கும் முசே" என்றார் அக்கா. பிரெஞ்சில் ஐயா என்று அவரை அப்படித்தான் கூப்பிடுவார்.

"எல்லாப் புள்ளையும்."

"எல்லாப் புள்ளையும்."

மேலே யாழினி இருந்தாள். மரப்படி வழியாக எல்லாமே அவளுக்குக் கேட்டிருக்கும். அன்றைக்குத்தான் எனக்கு அக்காமேல் முதல்முறையாகக் கோபம் வந்தது. யாரிடமும் தோற்கக் கூடாது என்கிற வீம்பு இவருக்கு. பலரும் பார்க்கத் திக்கித் திணறப்போவது அந்தப் பெண். இதை அவரிடமே சொல்லியிருக்க வேண்டும். சொல்கிற தைரியம் எனக்கு இல்லை.

மே மாதம் போனது. கதிர் ஆஸ்பத்திரியிலும் படித்தான், ஊசி ஏறாத கையில் புத்தகத்தைப் பிடித்துக்கொண்டு. பக்கத்துக் கட்டில் பிள்ளைகள் "சத்தமாப் படிடா" என்றார்களாம். யாழினி தினம் காலையில் இரண்டு மணி நேரம் ஜன்னலோரம் உட்கார்ந்தாள். கடலாமைகளைப் பற்றிய ஒரே புத்தகம். மாதம் முடியும்போது பாதிதான் தாண்டியிருந்தாள்.

கடைசி ஞாயிற்றுக்கிழமைக்கு உழவர்கரைப் பக்கம் ஒரு குடியிருப்புச் சங்கத்தின் ஹாலைப் பேசி வைத்திருந்தோம். சாயங்காலம் நாங்கள் போனபோது பூட்டியிருந்தது. சங்கச் செயலாளர் கேட்டருகே நின்றிருந்தார்.

"மெம்பருங்க ஒத்துக்கல மேடம். ஸ்கூலுக்கே அனுப்பாம வெச்சிருக்கீங்க, இதுக்கெல்லாம் நாங்க எடம் குடுத்தா நாளைக்கு யாராவது கேள்வி கேப்பாங்க."

அக்கா தாளை நீட்டினார். செயலாளர் அதைப் பார்க்காமலே ஸ்கூட்டரை எடுத்துக்கொண்டு போய்விட்டார். பேனா பலிக்காத ஓர் இடத்தை அன்றுதான் பார்த்தேன். பிள்ளைகள் வெயிலில் நின்றிருந்தார்கள். சொல்தா தாத்தா ஆட்டோவிலிருந்து இறங்கிக்கொண்டிருந்தார்.

"இன்னொரு நாள் வெச்சுக்கலாம்க்கா" என்றேன். உண்மையில் எனக்கு நிம்மதி. யாழினி தப்பித்தாள்.

"பத்துப் பேர் முன்னாடின்னுதான பேச்சு?" என்றார் அக்கா. "பத்துப் பேர் இருக்கற எடத்துக்குப் போவோம். ஆட்டோவக் கூப்புடு."

ஞாயிற்றுக்கிழமை மாலையில் கடற்கரைச் சாலையில் வண்டிகளை விட மாட்டார்கள். ஊரே அங்கேதான் நடக்கும். கடலுக்கு முதுகைக் காட்டித் தடுப்புச் சுவரில் பிள்ளைகளை வரிசையாக உட்கார வைத்தார் அக்கா. ஹாலுக்கென்று எடுத்து வந்த பாய் ஒன்றைக் கீழே விரித்தோம். கதிர்தான் முதலில் எழுந்து நின்று படித்தான். குரல் அலைச் சத்தத்தில் கரைந்தது. "சத்தமா" என்றார் தாத்தா. சத்தமாகப் படித்தான். நடந்துகொண்டிருந்தவர்கள் நின்றார்கள். பத்து, பிறகு முப்பது, பிறகு எண்ண முடியவில்லை.

மூன்றாவது பிள்ளை படிக்கும்போது கூட்டத்தை விலக்கிக்கொண்டு ஓர் இளம் போலீஸ்காரர் வந்தார்.

"என்னாம்மா இது? பர்மிஷன் இருக்கா?"

"உக்காந்து படிக்கறதுக்கா சார்?"

"கூட்டம் கூடுதில்ல?"

"சரிங்க சார். புள்ளைங்க கடற்கரையில படிக்கக் கூடாதுன்னு எழுதிக் குடுங்க. இப்பவே கலைஞ்சு போயிடறோம்."

தாளும் பேனாவும் அவர் முன்னால் நீண்டன. கூட்டத்தில் யாரோ சிரித்தார்கள். நான் கண்ணை மூடிக்கொண்டேன். ஸ்டேஷன், விசாரணை, என் கணவரிடம் என்ன சொல்வது என்று மனது எங்கெங்கோ ஓடியது.

"எவ்ளோ நேரம்?" என்று கேட்டார் போலீஸ்காரர்.

"ஏழரைக்குள்ள முடிஞ்சிடும்."

"வழிய மறைக்காம ஓரமா இருங்க." போகத் திரும்பியவர் பலூன்காரரைப் பார்த்து, "யோவ், விசில ஊதாத. புள்ள படிக்குதில்ல" என்றார்.

கடைசியாக யாழினி. அவள் எழுந்தபோது அவள் அம்மாவைப் பார்க்கவில்லை. புத்தகத்தைப் பிரித்தாள், விரலை முதல் எழுத்தில் வைத்தாள்.

"முட்... முட்டை... யிலி... ருந்து..."

ஒரு வரி முடிய ஒரு நிமிடத்துக்கு மேல் ஆனது. கூட்டத்தின் ஓரத்தில் நின்றவர்கள் கலைந்தார்கள். இரண்டு பையன்கள் அவளைப் போலவே இழுத்துப் பேசிச் சிரித்துவிட்டுப் போனார்கள். யாழினியின் காதுமடல் சிவந்தது. விரல் நகர்ந்துகொண்டே இருந்தது.

"வெ... வெளி... வெளிச்..."

அங்கே நின்றுவிட்டாள். மறுபடி முதலிலிருந்து. மறுபடி அதே இடம். முன்னால் நின்ற ஒரு பெண்மணி இரக்கத்தோடு, "வெளிச்சத்தைம்மா" என்று ஆரம்பித்தார். அக்கா கையை உயர்த்தினார்.

"எடுத்துக் குடுக்காதீங்கம்மா. அவளுக்கு வரும்."

அலை வந்து கற்களில் மோதிப் போனது. அக்காவின் உயர்ந்த கை அப்படியே இருந்தது.

"வெளிச்சத்தை" என்றாள் யாழினி. "வெளிச்சத்தை நோ... நோக்கி... நடக்கும்."

அந்தப் பக்கம் முடியும்போது கூட்டத்தில் பாதிப் பேர்கூட இல்லை. இருந்தவர்கள் கை தட்டவில்லை. தட்டலாமா என்று தெரியாமல் நின்றார்கள். சொல்தா தாத்தா ஆரம்பத்திலிருந்து நின்ற இடத்தைவிட்டு நகரவே இல்லை. தொண்டையைச் செருமினார்.

"அலே, ம், ஆவட்டும், இன்னொரு பக்கம் படி."

"போதும் தாத்தா" என்றாள் யாழினி. "தண்ணி வேணும்."

மறுநாளே தாத்தா அலமாரிக்கு ஆள் அனுப்பிவிட்டார். சேர்ந்த பணத்தில் புத்தகங்களும் வாங்கியாயிற்று. ஆனால் வார்டில் சிஸ்டர் மறுத்துவிட்டார். புத்தகமெல்லாம் இங்கே வைக்க முடியாது என்றார். அக்கா பையைத் திறந்தார். நான் சுவர்ப்பக்கம் பார்த்துக்கொண்டேன்.

சிஸ்டர் பேனாவை எடுத்தார். நின்றபடியே நாலு வரி எழுதிக் கையெழுத்தும் போட்டு நீட்டினார். இந்தப் பிள்ளைகளுக்குத் தொற்று சீக்கிரம் வரும், காகிதத்தில் தூசி சேரும், பல கை படும், துடைத்துச் சுத்தம் செய்ய முடியாத எதையும் கட்டில் பக்கம் வைக்க முடியாது.

அக்கா அதை இரண்டு முறை படித்தார். இப்போது என்ன செய்யப்போகிறாரோ என்று நான் நினைத்துக்கொண்டிருக்க, தாளை மடித்துப் பையில் வைத்து, "ரொம்ப நன்றி சிஸ்டர்" என்றார். அவ்வளவுதான். படியிறங்கும்போது என்னிடம் சொன்னார்.

"பாத்தியா, காரணம் இருந்தா எழுதறதுக்கு ஒரு நிமிசம்தான்."

அவர் ஜெயிக்கத்தான் அந்தத் தாளை நீட்டுகிறார் என்று அதுவரை நினைத்திருந்தேன். அன்றைக்குத்தான் புரிந்தது. காரணம் இருக்கிறதா என்றுதான் கேட்டுக்கொண்டிருந்தார் இத்தனை நாளும்.

அடுத்த பத்து நாள் கடையில் வேறு வேலை எதுவும் நடக்கவில்லை. மெல்லிய புத்தகங்களாகப் பொறுக்கி, தையலைப் பிரித்து, பக்கம் பக்கமாக லேமினேஷன் செய்து, வளையம் போட்டுக் கோத்தோம். ஒரு புத்தகம் செங்கல் கனம் கனத்தது. சிஸ்டரிடம் கொண்டுபோய்க் கொடுத்தோம். ஸ்பிரிட்டில் நனைத்த பஞ்சால் ஒரு பக்கத்தைத் துடைத்துப் பார்த்தார். இன்னொரு பக்கத்தையும் துடைத்தார். "அலமாரிய அந்த ஜன்னல் பக்கம் வைங்க" என்றார்.

அதோடு எல்லாம் நல்லபடி முடிந்தது என்று இருந்தோம். ஜூன் மாதம் பள்ளிகள் திறக்கிற நேரத்தில் ஒருநாள் யாழினி அவள் அம்மாவிடம், "நான் ஸ்கூலுக்குப் போறேன்" என்றாள். நான் கடையில்தான் இருந்தேன். அக்காவின் கை ஜெராக்ஸ் மெஷின் மூடிமேல் அப்படியே நின்றது.

"எந்த ஸ்கூலு?"

"அதே ஸ்கூலு."

"ஏண்டி?"

"எனக்கு மெதுவாத்தான் வரும்மா. பீச்சுல அத்தினி பேர் முன்னாடி மெதுவாத்தான் படிச்சேன். ஒண்ணும் ஆவல. அங்கயும் மெதுவாப் படிக்கறேன்."

அக்கா அடுத்த தாளை மெஷினில் வைத்தார். அன்று கொடுத்த பிரதிகளில் பாதி கோணலாக வந்தன.

செய்தி தெரிந்ததும் மற்ற பெற்றோர்கள் கொதித்தார்கள். மேல் அறையில் கூடினோம். "அவ்ளோ பேசிட்டு அதே ஸ்கூல் வாசல்லயே போய் நிக்கறீங்களே, நம்ம மானம் என்ன ஆவறது?" என்றார் கொள்கைக்கார அம்மா.

"ஸ்கூல் வேணாம்னு நான் எங்கயும் சொன்னதில்ல" என்றார் அக்கா. "எம்பொண்ணுக்குப் படிப்பு வராதுன்னு சொன்னாங்க பாரு, அதத்தான் வேணாம்னேன். இப்ப அவ போறேங்கறா. அவகிட்ட முடியாதுன்னு சொல்ல எனக்கு என்னா காரணம் இருக்குது, நீங்களே சொல்லுங்க."



பள்ளியில் தலைமையாசிரியை மாறியிருந்தார். ஒரு வகுப்பு கீழேதான் சேர்க்க முடியும் என்றார்கள். யாழினியே "பரவால்ல" என்று சொல்லிவிட்டாள். முதல் நாள் அவளை விட அக்கா என்னையும் துணைக்குக் கூப்பிட்டார். கேட்டருகே என் கையைப் பிடித்தார். எந்த மேசை முன்னாலும் யாரையும் துணைக்குப் பிடிக்காத கை அது. யாழினி உள்ளே போனாள், திரும்பிப் பார்க்கவில்லை.

பிறகு அக்காவின் கணவருக்குத் திருச்சிப் பக்கம் வேலை கிடைத்தது. கடையைக் காலி செய்துகொண்டு போய்விட்டார்கள். கொஞ்ச நாள் போனில் பேசினோம், அப்புறம் அதுவும் குறைந்தது. கதிர் இப்போது பத்தாம் வகுப்புத் தேர்வைத் தனித்தேர்வராக எழுத வீட்டிலிருந்தபடியே தயாராகிறான். அதற்காக ஏறி இறங்கிய அலுவலகங்களில் நான் "சரிங்க சார்" சொல்லாமல் திரும்பியிருக்கிறேன். ஆனால் அக்காவை நினைக்கும்போது எனக்கு முதலில் வருவது அந்தப் பள்ளியின் முதல் நாள் சாயங்காலம்தான்.

நாலரை மணிக்கு யாழினி வந்தாள். பையைக் கழற்றி வைத்தாள், தண்ணீர் குடித்தாள், முறுக்கு டப்பாவைத் திறந்தாள். அக்கா ஒரு வாடிக்கையாளரை நிற்க வைத்துவிட்டு அவளையே பார்த்துக்கொண்டிருந்தார்.

"இன்னா ஆச்சு?"

"தமிழ் மிஸ் படிக்கச் சொன்னாங்க. எழுந்து படிச்சேன்."

"அப்புறம்?"

"சிரிச்சாங்க."

அக்காவின் முகம் இறுகியது. "நீ இன்னா பண்ண?"

"அவங்க சிரிச்சு முடிக்கறவரைக்கும் நின்னேன். அப்புறம் படிச்சேன். மறுபடி சிரிச்சாங்க, மறுபடி நின்னேன்." வாயில் முறுக்கோடு தோளைக் குலுக்கினாள். "பெல் அடிச்சிடுச்சு. மீதிய நாளைக்குப் படிக்கறேன் மிஸ்னு சொல்லிட்டு வந்துட்டேன்."